கோதுமையை விடலாமா? நட்சத்திரங்களின் தட்டும் நம் வயிறும்

சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் சப்பாத்திக்குத் தனி மரியாதை உண்டு. அப்பாவுக்குச் சர்க்கரை என்று மருத்துவர் சொன்ன வாரமே இரவுச் சோறு நின்றுவிடும், தேக்கா சந்தையிலிருந்து கோதுமை மாவு மூட்டை வந்து இறங்கிவிடும். "சோத்தைக் குறைச்சாச்சு, இப்ப ராத்திரிக்குச் சப்பாத்திதான்" என்று சொல்வதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். அதே வீட்டில் இப்போது மகள் கைபேசியை நீட்டி, "கோதுமையை விட்டதும் இந்த நடிகை எப்படி ஆயிட்டாங்க பாருங்கப்பா" என்கிறார். அப்பாவுக்கு மருந்து, மகளுக்கு விஷம். மாவு ஒன்றுதான்.

அந்த மகளின் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பிராட்டா சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, மதியத்துக்கு மேல் அசதி தட்டுகிறது, எது ஒத்துக்கொள்ளும் எது ஒத்துக்கொள்ளாது என்று பிடிபடவில்லை. பிரபலங்கள் பலர் கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை விட்டுவிட்டோம் என்கிறார்கள். நாமும் விடலாமா? வழிகள் சில உண்டு. அவர்களைப் போல நாளைக்கே நிறுத்திவிடலாம். நிறுத்தாமல், குளூட்டனால் குடலுக்குக் கெடுதல் இருக்கிறதா என்று முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். கோதுமையை மட்டும் பழிக்காமல், குடலில் புளித்து வாயுவாகிற உணவுகளை ஒட்டுமொத்தமாகக் குறைத்துப் பார்க்கலாம். அல்லது எந்தப் பெயரும் சூட்டாமல் இட்லி, இடியாப்பம், கேழ்வரகு என்று பாட்டி காலத்துச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். என் ஓட்டு இரண்டாவது வழிக்கு. காரணம் சொல்வதற்குமுன் நட்சத்திரங்களைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும், ஏனென்றால் முதல் வழிக்கு நம்மிடம் இருக்கும் சாட்சிகள் பெரும்பாலும் அவர்கள்தான்.

முதல் சாட்சி டென்னிஸ் வீரர் நோவாக் ஜோக்கோவிச். 2010 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பொது விருதின் காலிறுதியில் சோங்காவிடம் தோற்றபோது ஆட்டத்தின் நடுவிலேயே அவருக்கு உடம்பு படுத்தியது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு செர்பிய மருத்துவர் பின்னர் அவரைச் சந்தித்து, ஒரு கையை நீட்டச் சொல்லி, மறுகையால் ரொட்டித் துண்டை வயிற்றோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னாராம். நீட்டிய கையை அழுத்தியபோது அது வலுவிழந்து இறங்கியதாம். கோதுமை ஆகாது என்பதற்கு அது முதல் அறிகுறி. இதை ஜோக்கோவிச்சே 2013இல் வெளிவந்த தம் நூலில் விவரித்திருக்கிறார். அதன்பின் 2011ஆம் ஆண்டு அவருடையதாகிவிட்டது. மூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள், ஆண்டின் தொடக்கத்திலிருந்து தொடர்ச்சியாக 41 ஆட்டங்களில் வெற்றி. பெற்றோர் பீட்சா கடை நடத்தியவர்கள் என்பதால் கதைக்கு இன்னும் ருசி கூடியது.

ரொட்டியை வயிற்றில் வைத்துக் கையை அழுத்திப் பார்ப்பது ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. அதோடு அவர் விட்டது கோதுமையை மட்டுமா என்றால், அதுவும் இல்லை. பால் பொருளையும் சர்க்கரையையும் சேர்த்தே குறைத்தார். 2010 டிசம்பரில் செர்பியா டேவிஸ் கிண்ணத்தை வென்றதும் அவருக்குத் தனித் தெம்பு தந்தது. இத்தனைக்கும் நடுவில் குளூட்டனுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது? அவருக்கு அது உண்மையிலேயே உதவியிருக்கலாம். அந்த உதவி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பிரித்துக் காட்ட முடியாது.

அடுத்து அமெரிக்கப் பாடகி மைலி சைரஸ். 2012 ஏப்ரலில் அவர் மெலிந்திருந்த படங்களைப் பார்த்தவர்கள், சாப்பிடாமல் பட்டினி கிடக்கும் நோய் வந்துவிட்டது என்று பேச ஆரம்பித்தார்கள். அதற்குப் பதிலாக அவர் டுவிட்டரில், தமக்குக் குளூட்டனும் பாலில் உள்ள லாக்டோசும் ஒவ்வாது, இது எடை பற்றியதல்ல, ஆரோக்கியம் பற்றியது என்று எழுதினார். அதோடு விட்டாரா? எப்படியிருந்தாலும் குளூட்டன் மோசமானதுதான் என்று எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைச் சேர்த்துவிட்டார். தம் உடம்பைப் பற்றிய வம்புக்குச் சொன்ன விளக்கம், படித்தவர்கள் கையில் உணவு ஆலோசனையாகிவிட்டது. நட்சத்திரங்களின் பத்தியம் நம்மிடம் வந்துசேரும் வழி பல நேரங்களில் இதுதான். யாரோ "ஏன் இளைச்சுட்டாங்க?" என்று கேட்கிறார்கள், அவர்கள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹாலிவுட் நடிகை கிவினெத் பால்ட்ரோ கணக்கு வேறு. 2013இல் அவர் சமையல் நூல் வந்தது, குளூட்டனைத் தவிர்க்கும் உணவுமுறை அதில் பெரிதாக இருந்தது. 2008இல் செய்திமடலாகத் தொடங்கிய அவருடைய 'கூப்' பிறகு பொருள் விற்கும் நிறுவனமாக வளர்ந்தது. 2018இல் ஆதாரமில்லாத மருத்துவக் கூற்றுகளுக்காகக் கலிஃபோர்னியாவில் 145,000 டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது அந்த நிறுவனம். வழக்கு குளூட்டனைப் பற்றியதல்ல, ஹார்மோனைச் சீராக்கும் என்று சொல்லி விற்ற ஜேட் கல் முட்டைகள் போன்றவற்றைப் பற்றியது. ஆனாலும் ஆலோசனை சொல்பவரே கடையும் வைத்திருந்தால் நாம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

இவர்கள் யாரோடும் சேர்க்கக் கூடாதவர் ஜெனிஃபர் எஸ்பொசிட்டோ. அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை. அவருக்கு இருப்பது மருத்துவர்கள் கண்டறிந்த சீலியாக் நோய், குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய். 2013இல் நியூயார்க்கில் குளூட்டன் இல்லாத ரொட்டிக்கடை திறந்தார். அவருக்குக் கோதுமையை விடுவது விருப்பமோ அழகுக்குறிப்போ இல்லை, சிகிச்சை. சினிமாச் செய்திப் பக்கத்தில் மட்டும் இந்த மூன்று பெண்களுக்கும் ஒரே தலைப்புதான்: குளூட்டனை விட்ட நட்சத்திரங்கள்.

வம்பு எவ்வளவு தவறும் என்பதற்கு 'பிளாக் பேந்தர்' பட நடிகர் சாட்விக் போஸ்மன் ஒருவரே போதும். 2020 ஏப்ரலில் மெலிந்த முகத்தோடு அவர் ஒரு காணொளி போட்டார். பத்தியமா, புதுப் படத்துக்காகவா என்று இணையம் முழுக்க ஊகம், கிண்டலும்கூட. ஆகஸ்ட் 28ஆம் தேதி பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். 2016இலேயே நோய் கண்டறியப்பட்டது வெளியே தெரியாது. நம் பக்கத்தில் சமந்தா. தமக்கு மயோசைட்டிஸ் என்னும் தசை அழற்சி நோய் இருப்பதை 2022 அக்டோபரில் அவரே சொன்னார். அதற்குமுன் அவர் முகம், தோல், மணவாழ்க்கை என்று பேசாதது எதுவும் மிச்சமில்லை. ஆக, ஒரு நட்சத்திரத்தின் தட்டில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியலாம். ஏன் இருக்கிறது என்பதற்கு நம்மிடம் இருப்பது பெரும்பாலும் ஊகம். பத்தியத்தைக் கடன் வாங்குகிறவர்களுக்கு அந்த 'ஏன்' இல்லாமல் எதுவும் நடக்காது.

அந்த 'ஏன்' என்ன? குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பிராட்டா மாவை இழுத்து விசிறினால் கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவையைத் தருவது இதுதான். இதனால் தொல்லைப்படுபவர்கள் மூன்று விதம். சீலியாக் நோயில் உடலின் தற்காப்பு அமைப்பே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. உலக மக்களில் ஏறக்குறைய 1 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. கோதுமை ஒவ்வாமை வேறு. தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் என்று சட்டென வருவது அது. மூன்றாவது கூட்டம்தான் பெரியது. பரிசோதனையில் எதுவும் இல்லை, ஆனாலும் கோதுமை சாப்பிட்டால் வயிறு சரியில்லை என்பவர்கள்.

இப்போது முதல் வழிக்கு வருவோம். நாளைக்கே நிறுத்துவது.

இதற்குச் செலவில்லை, மருத்துவர் வேண்டாம், பத்து நாளில் தெரிந்துவிடும். பலருக்கு நிஜமாகவே உடம்பு லேசாகிறது. அதில் பொய் இல்லை. ஆனால் இங்கே கோதுமையை விடுகிறவர் கூடவே எதையெல்லாம் விடுகிறார் என்று பாருங்கள். பிராட்டா, மீ கோரெங், உடனடி மீ, கேக், பிஸ்கட், பொரித்த கோழி. எண்ணெயும் சர்க்கரையும் உப்பும் ஒரேயடியாகக் குறைந்தால் எந்த வயிறும் நன்றி சொல்லும். பிராட்டாவைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மாவில் நெய்யோ மார்ஜரினோ தாராளம், தொட்டுக்கொள்ளும் குழம்பில் பருப்பும் வெங்காயமும், பக்கத்தில் பால் கலந்த தே. நம்மில் பெரியவர்கள் பலருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சரியாகச் செரிப்பதில்லை. தண்டனை கோதுமைக்குப் போகிறது, குற்றவாளி கோப்பையில் இருந்தாலும் இருக்கலாம்.

இந்த வழியின் பெரிய குறை வேறு. சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, நீங்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாக வேலை செய்யும். குளூட்டனுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் அது தேடுகிறது. கோதுமையை நிறுத்திச் சில மாதங்கள் ஆனால் எதிர்ப்பொருள் குறைந்துவிடும், நோய் இருந்தாலும் இல்லை என்று வரும். அப்புறம் பரிசோதிக்க வேண்டுமென்றால் மறுபடியும் சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். பிரிட்டனின் வழிகாட்டுதல் ஆறு வாரம், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் என்கிறது. உடம்பு தேறியவரிடம் போய் "ஆறு வாரம் ரொட்டி சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொன்னால் கேட்பாரா?

சர்க்கரை விஷயமும் இருக்கிறது. 2010 தேசியச் சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களிடம் அது 9.7. சப்பாத்தியை விட்டவர் இரவில் என்ன சாப்பிடுவார்? பெரும்பாலும் வெள்ளைச் சோறு. கடையில் விற்கும் குளூட்டன் இல்லாத ரொட்டியும் பிஸ்கட்டும் அரிசிமாவு, மரவள்ளி மாவு, உருளைக்கிழங்கு மாவு என்று மாவுச்சத்தால் ஆனவை. நார்ச்சத்து குறைவு, விலையோ சாதாரண ரொட்டியைவிடப் பல மடங்கு. அப்பாவின் சர்க்கரை அளவு ஏறுவதற்கு இதைவிடச் சொகுசான வழி கிடையாது. வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால், மகளின் பத்தியம் மகளின் தட்டோடு நிற்கட்டும்.

இரண்டாவது வழி, பரிசோதனை. பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ தொடங்கலாம். கேட்க வேண்டியது டிடிஜி-ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள் சோதனையும், கூடவே ரத்தத்தில் மொத்த ஐஜிஏ அளவும். சிலருக்கு ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள் வகையே இயல்பில் குறைவாக இருக்கும். அவர்களுக்கு முதல் சோதனை மட்டும் செய்தால் நோயே இல்லாததுபோலக் காட்டும். எதிர்ப்பொருள் இருப்பதாகச் சோதனை காட்டினால் நிபுணர் குழாய் விட்டுச் சிறுகுடலில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார். பெரியவர்களுக்கு முடிவு சொல்வது பெரும்பாலும் அந்தத் துணுக்குதான். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.

"நமக்கெல்லாம் அது வருமா, அது வெள்ளைக்காரன் நோயாச்சே" என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. மருத்துவர்கள் இந்தியாவின் மூன்று வட்டாரங்களில் 23,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: சீலியாக் எதிர்ப்பொருள் வட இந்தியர்களில் 1.23 விழுக்காட்டினருக்கு, தென்னிந்தியர்களில் 0.10 விழுக்காட்டினருக்கு. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு மட்டும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்கும் சற்று அதிகமானோரிடம். வேறுபட்டது சாப்பாடு. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கில் 25 கிராம்.

இதை நான் இப்படிப் படிக்கிறேன். மன்னார்குடியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ கப்பலேறிய பாட்டனுக்குக் கோதுமை பழக்கமில்லை. பேத்தியோ காலையில் ரொட்டி, மதியம் மீ, இரவில் சப்பாத்தி என்று மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். மரபணு மாறவில்லை, தட்டு மாறிவிட்டது. ஆகவே பாட்டனின் பாதுகாப்பு பேத்திக்கும் அப்படியே இருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். அதற்காக வயிறு உப்புகிறவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் எடை இறங்குதல், முதல்வகை நீரிழிவு, தைராய்டைத் தாக்கும் தற்காப்புக் கோளாறு, உடன்பிறந்தவருக்கு ஏற்கெனவே சீலியாக். இவற்றில் ஒன்று இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. நம் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு என்றதும் மாத்திரையும் முருங்கைக்கீரையும் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். மாத்திரை தின்று தின்று அளவு ஏறாவிட்டால், ஏன் ஏறவில்லை என்று கேட்க வேண்டிய இடம் இது.

ஒன்றை மட்டும் இந்த வழியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நூறு உணவுகளுக்கு ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளைப் பார்த்து, சிவப்பு மஞ்சள் பச்சை என்று பட்டியல் கொடுக்கும் கட்டணச் சோதனைகள் உண்டு. ஐஜிஜி என்பது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அல்ல. ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் பல ஆண்டுகளாக இதை வேண்டாம் என்கின்றன. அந்தப் பணத்துக்கு மேலே சொன்ன இரண்டு சோதனைகளையும் செய்துவிடலாம்.

மூன்றாவது வழி, பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தவர்களுக்கானது. எனக்கு மிகவும் சுவாரசியமானதும் இதுதான், ஏனென்றால் நம் அடுப்படியையே சந்தேகிக்க வைக்கிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோதுமை ஆகவில்லை என்று சொன்ன 37 பேரைச் சோதித்தார்கள். குடலில் புளிக்கும் மாவுச்சத்துகளைக் குறைத்ததும் எல்லாருக்கும் நன்றாகிவிட்டது. அதன்பின் அவர்களுக்கே தெரியாமல் குளூட்டன் கொடுத்தபோது அதனால் தனியாக எந்தக் கெடுதலும் தெரியவில்லை. அது 2013இல். 2018இல் நார்வேயில் 59 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. தொல்லையைக் கூட்டியது குளூட்டன் அல்ல, கோதுமையிலேயே இருக்கும் ஃப்ரக்டான் என்ற இன்னொரு பொருள்.

ஃப்ரக்டான் வேறு எதில் இருக்கிறது? வெங்காயத்தில், பூண்டில். அதன் உறவுக்காரச் சத்து பருப்பிலும் கொண்டைக்கடலையிலும். அதாவது சாம்பார், ரசம், சுண்டல். சப்பாத்தியை விட்டுவிட்டுச் சின்ன வெங்காயச் சாம்பாரில் இட்லியை முக்கிச் சாப்பிட்டால் வயிறு அதே மாதிரி உப்பத்தான் செய்யும். கோதுமையை விட்டும் பலன் இல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் எந்த நடிகையும் சாம்பாரைக் குறை சொல்லிப் பேட்டி கொடுப்பதில்லை.

இந்த முறைக்கு ஃபாட்மேப் என்று பெயர். இரண்டு முதல் ஆறு வாரம் குறைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது படுத்துகிறது என்று பார்ப்பது. திரும்பச் சேர்ப்பதுதான் இதன் உயிர். பலர் முதல் பாதியோடு நின்றுகொண்டு வருடக்கணக்கில் வெங்காயமில்லாமல் வாழ்கிறார்கள். சைவம் மட்டும் சாப்பிடும் வீடுகளில் பருப்பையும் எடுத்துவிட்டால் புரதத்துக்கு எங்கே போவது? அதனால் உணவியல் நிபுணர் ஒருவரோடு செய்வது நல்லது, அரசாங்க மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு யுக்தி: ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை உண்டு, தொல்லை இல்லை. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் தாராளமாகப் போடலாம்.

சரி, நான்காவது வழி. கோதுமையைத் திட்டாமல், இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, கேழ்வரகு, கம்பு, தினை. கடையில் விலை கொடுத்து வாங்கும் குளூட்டன் இல்லாத ரொட்டியோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு மலிவு, ருசியில் போட்டியே இல்லை. சும்மா உடம்பு லேசாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு முதல் வழியைவிட இதைத்தான் சொல்வேன். சர்க்கரை இருப்பவர்கள் இட்லியின் எண்ணிக்கையையும் கேழ்வரகுக் கூழின் அளவையும் கவனிக்க வேண்டும். சிறுதானியம் என்றாலே சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஆனால் சீலியாக் உறுதியானவர், "நம்ம சாப்பாடுதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு இந்த வழியில் போக முடியாது. அவருக்குத் துளியும் கணக்கு. கட்டிப் பெருங்காயத்தைப் பொடியாக்கி விற்கும் டப்பாக்களில் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும், லேபிளைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். ரவா தோசை, உப்புமா, கேசரி, சேமியா எல்லாம் கோதுமை. பிராட்டாக் கடையில் தோசையும் பிராட்டாவும் ஒரே கல்லில் வேகும், மைதா படிந்த அதே கரண்டி இரண்டையும் திருப்பும். உணவங்காடி நிலையத்தில் பீ ஹூனும் குவே தியாவும் அரிசிதான், மேலே ஊற்றும் சோயா சாஸ் கோதுமையில் ஊறியது. மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட் இருக்கிறது, உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று கோப்பிக் கடையில் வாங்கிக் குடிக்கும் பார்லித் தண்ணீர் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. பொட்டல உணவில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். குளூட்டன் இல்லை என்று போடுவதற்கான அனைத்துலக வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். உணவங்காடித் தட்டில் லேபிள் ஒட்டியிருக்காது, கடைக்காரரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்க வேண்டும் என்றால் சொல்ல வேண்டும். பத்தியத்தைவிடக் கடினமான முடிவு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரிடம், எவ்வளவு சொல்வது?

தீபாவளிக்கு வீடு வீடாகப் போகிறோம். முறுக்கை எடுத்துக்கொண்டு கேக்கை வேண்டாம் என்றாலே போதும். "ஏம்மா, எடை குறைக்கிறியா? இளைச்சுத்தான் இருக்கே. சர்க்கரையா? வேற ஏதும் விசேஷமா?" அத்தை அக்கறையில் கேட்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு இருக்கும் பெண் என்றால் அந்தப் பேச்சு அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் குடல் நோயாகி, அதற்கடுத்த வீட்டில் குழந்தை பிறக்குமா என்ற கேள்வியாகிவிடும். நட்சத்திரங்களுக்கு லட்சம் பேர் செய்வதை நமக்குப் பதினைந்து பேர் செய்வார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது ஒரு முறை. மனசுக்கு லேசு, ஆனால் ஒவ்வொரு விருந்திலும் உங்கள் குடல்தான் பேச்சு. "டாக்டர் சொல்லிட்டார்" என்று நிறுத்துவது நம்மவர்களிடம் நன்றாக எடுபடும், எதிர்க்கேள்வி குறையும். சும்மா பேஷனுக்கு விட்டிருக்கிறேன் என்று சிரித்து மழுப்புவது எளிது, அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பேஷன் என்று நினைத்த கடைக்காரர் அதே கரண்டியைப் போடுவார், "கொஞ்சூண்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று அத்தை தட்டில் வைப்பார். வெறும் விருப்பத்துக்காக விட்டவர்கள் "எனக்கு அலர்ஜி" என்று சொல்லிவிட்டு அரைமணி நேரத்தில் கேக் சாப்பிடுவதால் நிஜ நோயாளியின் வார்த்தைக்கும் மதிப்புக் குறைகிறது. நட்சத்திரங்களின் மேல் எனக்கு இருக்கும் முக்கியமான வருத்தமும் இதுதான். அவர்களால் குளூட்டன் இல்லாத ரொட்டி பேரங்காடிக்கு வந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

பேஷனுக்கோ உப்புசத்துக்கோ விட்டவர், "ஒத்துக்கலை அத்தை" என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குமேல் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. சீலியாக் உள்ளவர் சமைப்பவரிடம் முழுதாகச் சொல்ல வேண்டும், "அண்ணே, கோதுமை பட்ட கரண்டிகூட ஆகாது, எனக்கு நோய் இருக்கு" என்று நேராக. அலுவலகத்துக்கோ கோயில் வாசல் பேச்சுக்கோ அந்தச் செய்தி தேவையில்லை.

உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தேவை. சீலியாக் உள்ளவரின் நேரடி ரத்த உறவினரில் பத்தில் ஒருவர்வரை அதே நோய் இருக்கக்கூடும், அறிகுறியே இல்லாமல்கூட. வெட்கப்பட்டோ வம்புக்குப் பயந்தோ இவர்களிடம் மறைப்பவர்கள் உண்டு. கல்யாணமாகிப் போன தங்கைக்கு ஊரார் வழியாக அரைகுறையாகத் தெரியும், அண்ணன் வாயால் தெரியாது. அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். டிடிஜி-ஐஜிஏ பார்க்கச் சொல்லுங்கள். பயந்துபோய்ச் சப்பாத்தியை நிறுத்திவிட வேண்டாம், ரத்தம் கொடுக்கும்வரை வழக்கம்போலச் சாப்பிடட்டும் என்பதையும் அதே தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடுங்கள்.